குன்னத்தில் கழற்றிய புல்லி

முதலில் வந்தது சத்தம். தொழுதூர் தாண்டியதிலிருந்தே எஞ்சினுக்குள் யாரோ கடலை மிட்டாய் கடிப்பதுபோல ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பன் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இரண்டு முறையும் சாலையைப் பார்த்தேன். பழைய கார் வைத்திருப்பவனுக்கு இந்தக் கலை தானாக வந்துவிடும். சொட்டும் குழாய்க்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கப் பழகிவிடுவதைப்போல.

சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்பியிருந்தோம். ரஞ்சன்குடிக் கோட்டையில் அரை மணி நேரம், பிறகு சாத்தனூர்க் கல்மரம், காரையின் செம்மண் மேடுகள், அரியலூர் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் என்று திட்டம். கோட்டை வரைக்கும் திட்டம் ஒழுங்காகத்தான் நடந்தது. 1751இல் வாலிகண்டபுரம் போர் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நடந்தது. ஒரு பக்கம் முகம்மது அலியும் ஆங்கிலேயரும், எதிர்ப்பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். ஆர்க்காட்டு நவாப் பட்டம் யாருக்கு என்ற சண்டையில் இந்த வறண்ட காட்டுக்கு என்ன வேலை என்று கோட்டை மதில்மேல் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கீழே நிழலில் நின்ற என் வண்டி அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தது. அதையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பெரம்பலூரில் இட்லி சாப்பிட்டு அரியலூர் சாலையில் திரும்பினோம். நெடுஞ்சாலையை விட்டதும் நிலம் மாறுகிறது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, நடுநடுவே கரிசல். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது கண்ணாடியில் வெள்ளைத் தூள் படிந்தது. குன்னம் ஊர்ப் பலகை கண்ணில் பட்ட நேரம், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனித்தேன். பகல் வெளிச்சத்தில் அது எப்போதிருந்து எரிகிறதோ. கூடவே பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாக ஆவி.

சிவப்பு விளக்கு எரிந்தால் டைனமோ மின்சாரம் தரவில்லை. ஆவி வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். எஞ்சினின் மூக்கு நுனியில் ஒரு புல்லி இருக்கிறது. கிராங்க் சுற்றினால் அதுவும் சுற்றும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் மேலே போய் டைனமோவையும், தண்ணீர்ப் பம்பையும், அந்தப் பம்பின் அச்சிலேயே மாட்டிய விசிறியையும் சுழற்றுகிறது. அந்த ஒற்றை பெல்ட் நின்றால் வண்டிக்கு மின்சாரமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, உருளுகிற வேகத்திலேயே புளியமரத்து நிழல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

பானெட்டைத் திறந்தபோது பெல்ட் அறுந்திருக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் முழுக்க நார் நாராகப் பிய்ந்து புல்லிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புல்லியின் விளிம்பில் ஒரு துண்டைக் காணோம். இரண்டு விரல் அகலத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. மிச்ச விளிம்பும் நெளிந்து, தோசைக்கல்லில் ஓரம் சுருண்ட தோசைபோல இருந்தது.

டீக்கடையில் விசாரித்ததும், ஒரு பையன் எங்களை டிராக்டர் ஷெட்டுக்குக் கூட்டிப்போனான். ஓலைக் கொட்டகை. வாசலில் பிரித்துப் போட்ட பவர் டில்லர், கலப்பைக் கொழு, நாலைந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல். உள்ளேயிருந்து லுங்கியில் கையைத் துடைத்தபடி வந்த மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. வண்டி அம்பாசடர் என்று சொன்னதும் முகம் மாறியது.

“பெட்ரோலா, டீசலா?”

“பெட்ரோல்ண்ணே. மார்க் டூ. அறுபத்தாறாம் வருஷம்.”

“அட. கயிறு எடுத்துட்டு வாடா தம்பி,” என்று பையனிடம் சொன்னார். “நான் தொழில் கத்துக்கிட்டதே அந்த வண்டியிலதான் சார்.”

டிராக்டர் இழுத்துக்கொண்டு போக, 1966ஆம் வருடத்து அம்பாசடர் குன்னம் கடைத்தெரு வழியாக ஊர்வலம் வந்தது. உரக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்பாவின் வண்டி அது. மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. பதிவானபோது இந்த மாநிலத்துக்கே மெட்ராஸ் என்றுதான் பெயர். அந்த மாடலின் தாய் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. தாய் அங்கே எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டாள். பிள்ளை இங்கே கல்யாண ஊர்வலம், கலெக்டர் வண்டி, டாக்ஸி என்று 2014வரை தயாராகிக்கொண்டே இருந்தது. எஞ்சின் 1489 சிசி, நாலு சிலிண்டர். பிரிக்கத் தெரிந்தவருக்கு அதில் மூடுமந்திரம் எதுவும் கிடையாது.

மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு டீ வரச் சொன்னார். “சூடு அடங்கட்டும். சூட்டுல கை வச்சா வண்டியும் சுடும், செலவும் சுடும்.”

டீ முடிந்தது. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். அடுத்து ரேடியேட்டர் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்தார். துருப்பிடித்த நிறத்தில் வந்தது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பக்கத்து போல்ட்டுகள் கழன்றதும் ரேடியேட்டரைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிச் சாக்கின்மேல் படுக்கவைத்தார். இப்போது புல்லி முகத்துக்கு நேராகத் தெரிந்தது. அவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார்.

“இது இன்னிக்கி ஒடஞ்சது இல்ல சார். எப்பவோ ஒருத்தன் டைனமோவ லூஸ் பண்ணாம, பெல்ட்ட விளிம்பு மேல லீவர் போட்டு நெம்பி ஏத்திருக்கான். அன்னிக்கே விளிம்பு வளஞ்சிருக்கு. வளஞ்ச எடத்துல வெடிப்பு. வெடிப்பு வளந்து வளந்து இன்னிக்கித் துண்டா விழுந்திருக்கு. யாருன்னு தெரியல, நல்லா செஞ்சிருக்கான்.”

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மறுபடி சாலையைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன், ஒரு மழை நாளில், திண்டிவனம் பக்கத்தில் பெல்ட் அறுந்தபோது, டைனமோ போல்ட் துருப்பிடித்து அசையாததால் டயர் லீவரை வைத்து நெம்பி ஏற்றியவன் நான்தான். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று வீட்டில் பெருமை பேசியதும் நினைவிருக்கிறது.

டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்துத் தளர்த்தினார். டைனமோ எஞ்சின் பக்கமாகச் சாய்ந்தது. பெல்ட் தானாகக் கையில் விழுந்தது. “அவ்வளவுதான் சார் வேல. இதுக்குப் போயி நெம்புவாங்களா?” என்றார். நான் வாளியிலிருந்த தண்ணீரின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது நட்டு. புல்லியை கிராங்க் நுனியோடு பிடித்திருப்பது ஒரே ஒரு பெரிய நட்டுதான். ஆனால் அது வெறும் நட்டு இல்லை. அதன் முகத்தில் சாய்வாக இரண்டு பல் வெட்டியிருக்கும். காரின் முன்பக்கத் துளை வழியாக ஹேண்டிலை நுழைத்தால் அந்தப் பல்லில்தான் போய்க் கடிக்கும். வலப்பக்கம் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டு வேகம் எடுத்ததும் பல்லின் சாய்வே ஹேண்டிலை வெளியே தள்ளிவிடும். 1912இல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்குப் பிறகும் ஐம்பது அறுபது வருடம் வண்டிகளில் இந்த ஹேண்டில் வசதியை எடுக்காமல் வைத்திருந்தார்கள். பேட்டரியை நம்பாத தலைமுறை அது.

நட்டு கழன்றுவிடாமல் இருக்க, அடியில் இருக்கும் வாஷரின் ஓரத்தை மடக்கிவிட்டிருப்பார்கள். மெக்கானிக் சின்ன உளியால் தட்டி அந்த மடிப்பை நிமிர்த்தினார். என்னை உள்ளே உட்காரச் சொன்னார். “டாப் கியர்ல போடுங்க. பிரேக்க நல்லா மிதிங்க. எஞ்சின் சுத்தக் கூடாது.” ஸ்பேனரின் பிடியில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாயைச் சொருகினார். பையனும் அவரும் சேர்ந்து இழுத்தார்கள். வண்டியே குலுங்கியது. நட்டு அசையவில்லை. குழாயை எடுத்துவிட்டு ஸ்பேனரின்மேல் சுத்தியலால் ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவது அடியில் டிக் என்று ஒரு சத்தம். “விட்டுட்டா,” என்றார். கோபித்துக்கொண்டு போன பெண் கதவைத் திறந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

புல்லி மட்டும் வரவில்லை. கிராங்கோடு இறுகிப் பிடித்திருந்தது. பையன் சுத்தியலை எடுத்தான். மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “அடிச்சா வராதுடா. அடிச்சா உள்ள போகும், இல்லன்னா ஒடையும். கிராங்குக்கு அடி வாங்கப் பிடிக்காது.” மூன்று கால் கொண்ட புல்லரை எடுத்தார். கொக்கிகளை விளிம்பில் மாட்டாமல், நடுவிலிருக்கும் தடித்த பகுதியைத் தேடிப்பிடித்து மாட்டினார். நடுத் திருகைக் கால் சுற்று திருகுவார், நிறுத்துவார், திருகின் தலையில் லேசாக ஒரு தட்டு, மறுபடி கால் சுற்று. பத்து நிமிடம் இப்படியே போனது. புல்லி மயிரிழை மயிரிழையாக வந்தது. கடைசியில் அவர் கையில் உட்கார்ந்தபோது, கிராங்கின் பள்ளத்திலிருந்து அரைநிலா வடிவத்தில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் போட்டார். புல்லியையும் கிராங்கையும் சேர்ந்து சுற்ற வைக்கும் சாவி அது. “இது தொலஞ்சா மண்ணுல தேடணும். எங்க ஊரு மண்ணுல என்ன வேணா கெடைக்கும், தேடுறது மட்டும் கெடைக்காது.”

அவர் சொன்னது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. இந்த மண்ணில் என்னென்ன கிடைத்திருக்கிறது என்பதை 1860களிலிருந்து நிலவியல் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்துக் கோடி வருடத்துக்கு முன் இங்கே கடல். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் காட்டு ஓடைகளில் இன்றும் கிளிஞ்சல் கல்லும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கல்லும் கிடக்கும். அந்தக் கடலின் ஓடுகளும் பவளமும் சேர்ந்து இறுகியதுதான் சுண்ணாம்புக்கல். வாசலில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த லாரிகள் அந்தக் கடலைத்தான் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கு அள்ளிக்கொண்டு போயின.

ஷெட்டின் மூலையில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் இவ்வளவு நேரமும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் பெரியப்பா. கையை நீட்டினார். பையன் புல்லியை அவரிடம் கொடுத்தான். மடியில் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“கமலை உருளை மாதிரியில்ல இருக்கு?”

அவரிடம் பேச்சுக்கொடுத்தேன். இந்தப் பக்கம் கிணறு எல்லாம் ஆழம். மோட்டார் வருவதற்கு முன் கமலை போட்டுத்தான் இறைத்திருக்கிறார்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு மேலே இருக்கிற பெரிய உருளையில் ஓடி, இறைக்கும் வாளியான சாலைத் தூக்கிக்கொண்டு வரும். சாலுக்கு அடியில் தோலில் தும்பி. அதற்கு ஒரு தனிக் கயிறு, கீழே தனி உருளை. சால் மேலே வந்ததும் தும்பி விரிந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னாலேயே நடந்து மேடு ஏறும். விடிய விடிய.

“உருளை அச்சு தேய ஆரம்பிச்சா சத்தம் போடும் தம்பி. கிரீச்சு கிரீச்சுன்னு ஊருக்கே கேக்கும். அப்பவே எண்ணெ விடணும். சத்தம் கேட்டும் சும்மா இருந்தேன்னு வையி, ஒரு நா வடம் எகிறி விழுந்துரும். சாலு கெணத்துக்குள்ள போயிரும். எருது சரிவுல போயி மூக்கடிச்சு விழும்.” புல்லியைத் திருப்பிக் கொடுத்தார். “ஒனக்குச் சத்தம் கேக்கலயா?”

“கேட்டுச்சுங்கய்யா,” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. அதைச் சொன்ன பிறகு லீவர் விஷயத்தையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “எனக்குத் தெரியும் சார். அந்தத் தண்ணி வாளிய அவ்ளோ நேரம் பாத்தீங்கள்ல.”

இனி புதுப் புல்லிக்கு எங்கே போவது? சென்னையிலிருந்து வரவழைத்தால் இரண்டு நாள் ஆகும். மெக்கானிக் உடைந்ததைத் துணிப்பையில் போட்டு என் தோளில் மாட்டினார். எக்ஸ்.எல்.லில் அவர் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூர் போனேன். காயலான் கடையில் இரண்டு அம்பாசடர் எஞ்சின்கள் குப்புறக் கிடந்தன. ஒன்றை மெக்கானிக் தள்ளிவிட்டார். “இது இசுசு எஞ்சின். பின்னாடி வந்த மாடல். நமக்கு ஒத்து வராது.” மற்றொன்று டாக்ஸியாக ஓடி முடிந்த வண்டியுடையது. அதன் மூக்கில் புல்லி முழுசாக இருந்தது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அரை அங்குலத்துக்குப் படிந்திருந்ததே அதற்குக் கவசமாக ஆகியிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து மறுபடி புல்லர், மறுபடி கால் சுற்று. கழற்றியதும் இரண்டு புல்லிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாவிக் குழிகளை நேராகப் பொருத்தினார். பிறகு விளிம்பைப் பார்த்தார். புல்லியின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அது எஞ்சினின் முன்பக்கத்தை மூடும் டைமிங் கவரில் இருக்கிற முள்ளுக்கு நேராக வரும்போது முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். எந்த நேரத்தில் தீப்பொறி விழ வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சாவிக் குழிக்கும் வெட்டுக்கும் உள்ள இடைவெளி இம்மி பிசகினாலும் வண்டி இழுக்காது, இருமும். இரண்டு வெட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மெக்கானிக் அந்த இடத்தில் முத்தம் கொடுக்காத குறைதான்.

ஒரே ஒரு குறை மட்டும் இருந்தது. புல்லியின் கழுத்தைச் சுற்றி ஆயில் சீலின் உதடு உரசிக்கொண்டே இருக்கும். பல வருடம் உரசி உரசி அங்கே நூல் சுற்றிய மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அப்படியே மாட்டினால் அந்தப் பள்ளம் வழியாக எஞ்சின் எண்ணெய் கசியும். ரஞ்சன்குடியில் நான் பார்க்காத மாதிரி இருந்த சொட்டு, என் பழைய புல்லியின் கழுத்திலிருந்த இதே மாதிரிப் பள்ளத்தின் வேலை.

லேத் பட்டறை இரண்டு தெரு தள்ளி. அங்கே போர்வெல் பிட்டுகள், லாரி ஹப், கரும்பு ஜூஸ் மெஷினின் பற்சக்கரம் எல்லாம் முறைக்காகக் காத்திருந்தன. லேத்காரர் புல்லியைச் சக்கில் பூட்டி, ஒரு விரலை அதன் அருகே வைத்துச் சுழலவிட்டார். ஆட்டம் இல்லை. கழுத்தை மெல்லிசாகக் கடைந்தார். சுருள் சுருளாக உலோகம் விழுந்தது. கடைந்த அளவுக்கு ஒரு ஸ்லீவைச் செய்து, அதை அடுப்பில் காட்டிச் சூடாக்கி விரித்து, புல்லியின் கழுத்தில் இறக்கினார். ஆறியதும் அது இறுகிக்கொண்டது. மறுபடி லேத்தில் போட்டு பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எமரி பேப்பரால் கண்ணாடிபோல் மெருகேற்றினார். பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் துடைத்துப் பார்த்துவிட்டு, “பெல்ட்டு அடியில உக்காரக் கூடாது. ரெண்டு பக்கச் சுவத்துலதான் கடிக்கணும். அடியில உக்காந்தா வழுக்கும்,” என்று என்னிடம் சொன்னார். உங்கள் ஊரில் நெம்புகிற பழக்கம் உண்டாமே என்கிற பார்வையும் அதில் இருந்தது. வழியில் மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

குன்னம் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. எக்ஸ்.எல்.லின் சத்தத்துக்கு மேலே மெக்கானிக் கேட்டார். “சார், இதுதான் வின்டேஜ் வண்டியா? பேப்பர்ல போட்டிருந்தானே.”

பிரிட்டனில் கறாராகப் பார்ப்பவர்களுக்கு வின்டேஜ் என்றால் 1919இலிருந்து 1930வரை வந்த கார்கள்தான் என்று சொன்னேன். நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும். ஆனால் அந்தப் பலகை மாட்டினால் கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல், பழுதுபார்ப்பு என்று சில காரணங்களுக்குத்தான் சாலைக்கு எடுக்கலாம். இப்படிக் கல்மரம் பார்க்கக் கிளம்ப முடியாது. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். “அசல் வடிவம்னா? இப்ப டாக்ஸி புல்லி மாட்டப்போறோமே, அசல் போயிருமா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டேன். பிஸ்டன்கள் மாற்றியவை. கார்புரேட்டர் மாற்றியது. சீட்டுத் துணி மூன்று முறை. ரேடியேட்டர் ஒருமுறை. அப்பா ஓட்டியபோது இருந்ததில் இன்று மிச்சம் என்ன? ஸ்டியரிங் வீல் நிச்சயம் அதேதான். அப்பாவின் கை பட்ட இடம் இன்னும் வழவழப்பாக இருக்கும்.

ஷெட்டில் விளக்குப் போட்டார்கள். டைமிங் கவரில் புது ஆயில் சீல். அதன் உதட்டில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் தடவினார், முதல் சுற்றில் உலர்ந்து உரசிவிடாமல் இருக்க. சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி அரைநிலாச் சாவியை எடுத்துப் பள்ளத்தில் உட்காரவைத்தார். புல்லியை நேராகப் பிடித்து இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினார். பாதிவரை வழுக்கிக்கொண்டு போனது. மீதிக்கு நட்டையே திருகி ஏற்றினார். மறுபடி நான் பிரேக்கை மிதித்தேன். குழாய் சொருகி இறுக்கினார்கள். புது வாஷரின் ஓரத்தை நட்டின்மேல் மடக்கிவிட்டார். புது பெல்ட்டை டைனமோவைச் சாய்த்து மாட்டி, டைனமோவை வெளியே இழுத்து இறுக்கினார். நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அரை அங்குலம் அமுங்கியது. “இதுக்கு மேல இறுக்குனா டைனமோ புஷ் தேயும். லூஸா விட்டா வழுக்கும். கட்டில் கயிறு மாதிரிதான். தொய்யவும் கூடாது, வெடவெடன்னும் இருக்கக் கூடாது.”

டைமிங் சரிபார்க்க அவர் கருவி எதையும் தேடவில்லை. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் தன் கட்டைவிரலை வைத்தார். பையன் ஹேண்டிலை மாட்டி மெதுவாகச் சுற்றினான். காற்று அவர் விரலைத் தள்ளிய உடனே “மெல்ல... மெல்ல... நிறுத்து” என்றார். குனிந்து பார்த்தேன். விளிம்பின் வெட்டு முள்ளுக்கு நேராக நின்றது. வேறொரு வண்டியில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிய புல்லி, என் வண்டியின் முதல் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொன்னது.

ரேடியேட்டரைப் பூட்டித் தண்ணீர் ஊற்றியதும், “நீங்களே சுத்துங்க சார்,” என்று ஹேண்டிலை என்னிடம் கொடுத்தார். “கட்டவெரல மடக்காதீங்க. மத்த வெரலோடயே வைங்க. பின்னால ஒதச்சுதுன்னா கட்டவெரல் போயிரும்.” அப்பாவும் இதையேதான் சொல்வார். சோக்கை இழுத்து வைத்துவிட்டு, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் ஒரு இருமல். மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. ஹேண்டில் தானாக விலகி என் கைக்கு வந்தது. சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்து, எஞ்சின் வேகம் எடுத்ததும் அணைந்தது. கடலை மிட்டாய்ச் சத்தம் இல்லை. கட்டிலிலிருந்து பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

இரவு ஷெட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் விடியும்வரை ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தன. காலையில் கூலி கொடுக்கும்போது மெக்கானிக் கேட்டதைவிட நூறு ரூபாய் அதிகம் நீட்டினேன். அவர் அந்த நூறைப் பையன் கையில் கொடுத்தார். உடைந்த புல்லியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தார். “வச்சுக்கங்க. அடுத்த தரம் லீவர எடுக்கத் தோணுனா இத ஒருதரம் பாருங்க.”

சாத்தனூர் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. கம்பி வேலிக்குள், ஓர் ஓடைப்பள்ளத்தில், மரம் படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940இல் இதைக் கண்டறிந்து சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குப் பின்னாளில் இயக்குநரான முதல் இந்தியர். வயது சுமார் 12 கோடி வருடம் என்கிறார்கள். பூக்கும் மரங்கள் பூமியை நிறைப்பதற்கு முந்தைய காலத்து ஊசியிலை மரம். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடல் சேற்றில் புதைத்தது. சேற்றுக்குள் மணற்சத்து கரைந்த தண்ணீர் ஊறியது. மரத்தின் ஒவ்வோர் உயிரணுவும் அழுகிப் போன இடத்தில் அந்தச் சத்து வந்து உட்கார்ந்தது. மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒவ்வொன்றாக. இன்று அதில் மரம் என்று ஏதும் இல்லை. எல்லாம் கல். ஆனால் பட்டையின் வரி இருக்கிறது. கிளை முறிந்த முடிச்சு இருக்கிறது. பக்கத்தில் போய் நின்ற யாரும் அதைக் கல் என்று சொல்வதில்லை. மரம் என்றுதான் சொல்கிறார்கள்.

இதே மண்ணில், அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில், ஒரு பெரிய டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. 1980களில் அதற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் நிலைக்கவில்லை. உதிர்ந்து போயின. இன்று படங்களும் எழுத்தும்தான் மிச்சம். அவ்வளவு பெரிய விலங்கு போய்விட்டது. இந்த மரம் தன்னுடையது என்று சொல்ல ஒரு துணுக்கும் வைத்துக்கொள்ளாமல், வடிவத்தை மட்டும் கைமாற்றிக் கைமாற்றி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நேற்று எக்ஸ்.எல்.லில் மெக்கானிக் கேட்ட கேள்விக்கான பதில் வேலிக்கு அந்தப் பக்கம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. திரும்பிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வெளியே வரும்போது காவல்காரர் வண்டியைச் சுற்றி வந்து பின் சீட்டைப் பார்த்தார். எண்ணெய்த் துணி மூட்டையைக் காட்டிக் கேட்டார். “அது என்ன சார்? இங்கேருந்து ஒரு கல்லும் எடுத்துட்டுப் போகக் கூடாது.”

அவிழ்த்துக் காட்டினேன். உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“எத்தன வருஷம் இருக்கும்?”

“அறுபது.”

அவர் வேலிக்குள் படுத்திருந்த மரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “பச்சக் கொழந்த,” என்று துணியை மூடிக் கொடுத்துவிட்டு, வண்டி போகக் கையைக் காட்டினார்.